வியாழக்கிழமைத் தடுப்பூசி: அல்சூர் பக்கத்து அரசு சுகாதார மையம் எப்படி?

பேத்திக்கு ஒன்பது மாதத் தடுப்பூசி போட, பெங்களூரு அல்சூர் பக்கம் உள்ள ஓர் அரசு நகர சுகாதார மையத்துக்குப் போய் வந்தோம். மையத்தின் பெயரை இங்கே போடவில்லை. குறையும் ஒன்றிரண்டு சொல்லப் போகிறேன், அதனால் அங்கே வேலை பார்ப்பவர்களுக்குத் தொந்தரவு வரக்கூடாது.

நான் தமிழ்நாட்டில் குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். கக்குவான் இருமலில் நீலம் பாரித்த பிள்ளையையும், தொண்டை அடைப்பானில் மூச்சுக்குத் திணறிய பிள்ளையையும் பார்த்தவள். அதனால் தடுப்பூசி போடும் இடத்தில் சுவருக்குப் பெயின்ட் அடித்திருக்கிறார்களா என்று என் கண் பார்க்காது. நேரே சிஸ்டரின் மேஜைக்குத்தான் போகும்.

அந்த மேஜைக்கு முழு மார்க் கொடுப்பேன். ஐஸ் பெட்டி மூடியே இருந்தது, மருந்து எடுக்கும்போது மட்டும் திறந்தார். தட்டம்மை-ரூபெல்லா மருந்து பொடியாக வரும். அதற்குரிய நீரைக் கலந்துவிட்டால் 4 மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். கிருமி வளராமல் தடுக்கிற பொருள் எதுவும் அதில் கிடையாது, நேரம் தாண்டிய குப்பி பிள்ளையின் உயிருக்கே ஆபத்து. சிஸ்டர் கலந்த கையோடு பேனாவை எடுத்துக் குப்பியின் மேல் மணியை எழுதினார். யாரும் சொல்லிச் செய்யவில்லை, கை பழகியிருக்கிறது.

இன்னொன்று. அந்த நேரத்தில் ஒன்பது மாதப் பிள்ளை எங்கள் பேத்தி ஒருத்திதான். ஒரு குப்பியில் பல பேருக்கான மருந்து இருக்கும். "இன்னும் நாலு பேர் வரட்டும், உட்காருங்க" என்று சொல்கிற இடங்களை நான் பார்த்திருக்கிறேன். இவர் ஒரு பிள்ளைக்காகவே திறந்தார். மருந்து கொஞ்சம் வீணானால் பரவாயில்லை, வந்த பிள்ளை ஊசி போடாமல் திரும்பக்கூடாது என்பதுதான் அரசின் விதியும்.

நான் எட்டி எட்டிப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "என்னம்மா பார்க்கிறீங்க?" என்று கன்னடம் கலந்த தமிழில் கேட்டார். நானும் நர்ஸ்தான் என்றதும் முகம் மலர்ந்து நிமோனியா தடுப்பூசிக் குப்பியை என் கையில் கொடுத்தார். லேபிளில் ஒரு சின்ன வட்டம், அதற்குள் ஒரு சதுரம். உள்ளே உள்ள சதுரம் வட்டத்தைவிட வெளிறி இருந்தால் மருந்து வெயில் சூடு படாமல் வந்திருக்கிறது. இரண்டும் ஒரே நிறமாகிவிட்டாலோ சதுரம் இன்னும் கறுத்துவிட்டாலோ அந்தக் குப்பியைத் தொடக்கூடாது. இதைப் பார்க்கப் படிப்பு வேண்டாம். காட்டச் சொல்லிக் கேட்க எல்லா அம்மாக்களுக்கும் உரிமை உண்டு.

ஒன்பது மாதத்தில் மூன்று ஊசி. வலது கையில் தட்டம்மை-ரூபெல்லா, இடது கையில் போலியோ, வலது தொடையில் நிமோனியாவுக்கான பூஸ்டர். அப்புறம் ஒரு மில்லி வைட்டமின் ஏ மருந்து வாயில். போலியோ ஊசியைத் தோலுக்குள்ளேயே போட வேண்டும், சரியாகப் போட்டால் அந்த இடத்தில் சின்னதாக ஒரு கொப்புளம் எழும்பும். எழும்பியது. ஊசியைத் திரும்ப மூடாமல் அப்படியே கட்டரில் வெட்டிப் போட்டார். பிள்ளையை அம்மாவின் மடியிலேயே அணைத்துப் பிடிக்கச் சொன்னார், போட்டு முடித்ததும் பால் கொடுக்கச் சொன்னார். தாய்ப்பால் குடிக்கும்போது பிள்ளைக்கு வலி குறைவாகத் தெரியும்.

"ஏன் அத்தை, இதை இன்னும் முன்னாடியே போட்டா என்ன?" என்று மருமகள் கேட்டாள். நல்ல கேள்வி. கர்ப்பத்தில் தாயின் எதிர்ப்புச் சக்தி குழந்தைக்கு இறங்கும், பிறந்த பிறகும் சில மாதம் அது காவல் இருக்கும். அது இருக்கும்போது தட்டம்மை ஊசி போட்டால், தடுப்பூசியில் உள்ள பலவீனமான வைரஸையும் அது அழித்துவிடும், பிள்ளையின் உடம்பு எதையும் கற்றுக்கொள்ளாது. காவல் குறைகிற சமயம் பார்த்து ஒன்பது மாதம் என்று வைத்திருக்கிறார்கள். 2022 கடைசியில் மும்பை கோவண்டியில் தட்டம்மை பரவிப் பிள்ளைகள் இறந்தபோது, நோய் பரவிய இடங்களில் 6 மாதத்திலிருந்தே கூடுதலாக ஒரு டோஸ் போடச் சொன்னார்கள். அது கணக்கில் சேராது. ஒன்பது மாதத்திலும், 16 முதல் 24 மாதத்துக்குள்ளும் மறுபடி போட்டே ஆக வேண்டும்.

தட்டம்மையைச் சும்மா வந்து போகும் அம்மை என்று இன்றைக்கும் பேசுகிறவர்கள் உண்டு. பாதுகாப்பில்லாத கூட்டத்தில் ஒரு நோயாளியிடமிருந்து 12 முதல் 18 பேருக்குப் பரவும். நூற்றுக்கு 95 பிள்ளைகளுக்காவது இரண்டு டோஸும் போனால்தான் ஊர் தப்பும். பழைய நோய்களுக்கு எதிராக உடம்பு சேர்த்து வைத்த எதிர்ப்புச் சக்தியையும் தட்டம்மை அழித்துவிட்டுப் போகும், அதனால் பிள்ளைக்கு மாதக்கணக்கில் வேறு நோய்கள் தொற்றும். வீட்டு வாசலில் வேப்பிலை கட்டுங்கள், நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பிள்ளையை டாக்டரிடம் காட்டி, வைட்டமின் ஏ அடுத்தடுத்த இரண்டு நாளும் கொடுத்தாக வேண்டும்.

சரி, குறைகள். ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் அங்கேயே இருக்க வேண்டும், ஒவ்வாமை வந்தால் உடனே கவனிப்பதற்காக. ஆனால் உட்கார இடமே இல்லை. படிக்கட்டில் கொஞ்சம் பேர், மீதிப் பேர் ஆட்டோ பிடித்துப் போய்விட்டார்கள். நாலு பெஞ்சும் ஒரு மின்விசிறியும் போட்டால் தீர்ந்துவிடும். யூ-வின் என்ற அரசின் இணையத் தடுப்பூசிப் பதிவில் ஓடிபி அப்பாவின் போனுக்குப் போகிறது, அப்பா ஆபீசில். அதனால் வரிசை நகரவில்லை.

இதைவிட எனக்கு வருத்தம் தந்தது வேறு. ஊசி போட்டதும் வீட்டாரிடம் நாலு விஷயம் சொல்ல வேண்டும். என்ன ஊசி, எந்த நோய்க்கு. அடுத்து எப்போது வர வேண்டும். என்ன தொந்தரவு வரலாம், வந்தால் என்ன செய்வது. தாயி கார்டை, அதாவது தாய்-சேய் அட்டையை, பத்திரமாக வைப்பது. இந்த நாலையும் சிஸ்டர் எங்களுக்குப் பொறுமையாகச் சொன்னார். பின்னால் நின்ற கட்டட வேலைக் குடும்பத்துக்குத் தேதி மட்டும்தான் கிடைத்தது. அவர்களுக்குக் கன்னடமும் தெரியாது, தமிழும் தெரியாது. சிஸ்டரைக் குறை சொல்ல மாட்டேன். அத்தனை பிள்ளைகளுக்கு ஒரே ஒருவர். மொழி தெரிந்த ஓர் ஆஷா சுகாதாரப் பணியாளரை வியாழன் அன்று பக்கத்தில் நிறுத்த வேண்டியது மேலே இருப்பவர்களின் வேலை.

பேத்திக்கு முந்தைய ஊசிகளை ஒரு தனியார் குழந்தைகள் மருத்துவமனையில் போட்டோம். ஏசி, பொம்மைகள், எல்லாம் உண்டு. மருந்து உள்ளறையிலிருந்து சிரிஞ்சில் ஏற்றியே வந்தது. குப்பியைக் காட்டச் சொன்னதற்கு முகம் சுளித்தார்கள். கக்குவான் இருமல் தடுப்பூசியில் தனியார் போடும் 'வலியில்லா ஊசி'யில் காய்ச்சல் குறைவுதான், உண்மை. ஆனால் அந்த நோய்க்கு எதிரான அதன் பாதுகாப்பு சீக்கிரம் தேய்கிறது. அரசு மையத்து ஊசியில் இரண்டு நாள் காய்ச்சல் வரலாம். எடைக்கேற்ற பாராசிட்டமால் போதும், ஊசி போட்ட இடத்தில் தைலமோ மஞ்சளோ வேண்டாம். தட்டம்மை ஊசிக்கான காய்ச்சலும் லேசான தடிப்பும் ஒரு வாரம், பத்து நாள் கழித்துத்தான் வரும், அப்போது பயப்பட வேண்டாம்.

ஊருக்குப் போய்த் தவணை தவறியவர்கள் வெட்கப்படாமல் இங்கே வரலாம். முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை, விட்ட இடத்திலிருந்து போடுவார்கள். லேசான சளி இருந்தாலும் போடலாம். பொன்னுக்கு வீங்கி, சின்னம்மை, டைபாய்டு, ஃப்ளூ ஆகியவற்றுக்கான ஊசிகள் இங்கே இல்லை. அவற்றுக்கு மட்டும் தனியாரிடம் காசு கொடுத்துப் போட்டுக்கொள்ளப் போகிறோம். மீதி எல்லாம் இனி இந்த சிஸ்டரிடம்தான்.