சிறு ரக ஹாட் வெட்ஜ் வெல்டர்: வாங்கலாம், ஆனால் செட்டிங் தெரிந்தால்

குட்டைக்கும் கழிவுநீர்த் தொட்டிக்கும் விரிக்கும் எச்டிபிஇ (அடர் பாலிஎதிலீன் பிளாஸ்டிக்) ஷீட்டில் சாதாரணப் பசை எதுவும் பிடிக்காது. உருக்கி அழுத்தினால்தான் இரண்டு ஷீட் ஒன்றாகும். அந்த வேலைக்குத் தனி ஆளாகத் தூக்கிக்கொண்டு போகக்கூடிய மெஷின், 230 வோல்ட்டில் 1500 வாட் எடுக்கும் ஹாட் வெட்ஜ் வெல்டர். எடை ஏழெட்டு கிலோ. சூடான ஆப்பு, அதாவது வெட்ஜ், இரண்டு ஷீட்டுக்கும் நடுவில் ஓடி எதிரெதிர் முகங்களை உருக்கும். பின்னால் வரும் ரோலர்கள் அவற்றை நசுக்கி ஒட்டும். நடுவில் காற்றுக் கால்வாய் விட்டு இரட்டைக் கோடாக ஒட்டுவதால் பிறகு சோதிப்பது எளிது.

பெட்டியில் ஷீட் தடிமன் 0.5 முதல் 2 மி.மீ. வரை என்று போட்டிருக்கும். 0.75 முதல் 1.5 வரை அருமையாக ஓடும். 2 மி.மீ. ஷீட்டில் வேகத்தை ரொம்பவும் குறைக்க வேண்டியிருப்பதால், பெரிய பரப்புக்கு இதை நம்பி இறங்க வேண்டாம். 0.5 மி.மீ.யில் சிக்கல் வேறு: கொஞ்சம் தயங்கி நின்றாலே ஓட்டை விழும்.

முதலில் கவனிக்க வேண்டியது மெஷினை அல்ல, கரண்டை. 100 மீட்டர் தூரத்துக்கு 1 சதுர மி.மீ. செம்பு கேபிள் இழுத்தால் இருபது வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போய்விடும். ஹீட்டரின் சக்தியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போகும். வேகமாக ஓட்டும்போது வெட்ஜ் சூடு இறங்கி, ஒட்டு பாதி தூரத்தில் பலவீனமாகும். 2.5 சதுர மி.மீ. கேபிள் போட்டால் இழப்பு ஒன்பது வோல்ட் அளவில் நின்றுவிடும். ஜெனரேட்டர் என்றால் மெஷினின் வாட்டைப் போல இரண்டு மடங்காவது இருக்கட்டும், அதிலேயே கிரைண்டரையும் சொருகக் கூடாது. "மெஷின் சரியில்லை" என்று திரும்பி வரும் புகார்களில் பல இந்த கேபிளில்தான் தொடங்குகின்றன.

பிரஷரை மெஷின் குளிர்ந்திருக்கும்போதே வைக்க வேண்டும். ஒட்டப்போகும் அதே ரோலிலிருந்து இரண்டு துண்டு வெட்டி ரோலர்களுக்கு நடுவில் வைத்து, லீவரை மூடுங்கள். ரோலர் ஷீட்டை லேசாகத் தொடும் இடம் வரை ஸ்க்ரூவைத் திருப்பி, அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். இந்த ரகத்தின் பெரிய குறை இங்கேதான்: அழுத்தத்தை எண்ணாகக் காட்டும் மீட்டர் பல மாதிரிகளில் கிடையாது. ஸ்க்ரூவை எத்தனை சுற்று திருப்பினோம் என்பதை மார்க்கரில் குறித்து வைத்துக்கொள்வது ஒரு வழி. நம்பகமான வழி, ஒட்டிய பிறகு கோட்டின் தடிமனை மைக்ரோமீட்டரில் அளப்பது. இரண்டு ஷீட்டின் கூட்டுத் தடிமனைவிட ஒட்டின் தடிமன் 0.2 முதல் 0.8 மி.மீ. வரை குறைந்திருக்க வேண்டும். 1.5 மி.மீ. ஷீட் இரண்டு என்றால் 2.2 முதல் 2.8. அதைவிடத் தடிப்பாக இருந்தால் நசுங்கவே இல்லை. மெலிந்திருந்தால் உருகியது எல்லாம் பிதுங்கி வெளியே போய்விட்டது. இன்னொன்று: ஷீட் இல்லாமல் லீவரை மூடி மோட்டரை ஓட்டினால் ரோலரின் பற்கள் ஒன்றோடொன்று உரசித் தேயும்.

வெப்பம், வேகம் இரண்டும் தொடக்க அளவுகள்தான். 1 மி.மீ. எச்டிபிஇக்கு 400 டிகிரி, நிமிடத்துக்கு 2 மீட்டர் அளவில் தொடங்கலாம், 1.5 மி.மீ.க்கு அதே சூட்டில் 1.5 மீட்டர். திரையில் எண் வந்துவிட்டதே என்று உடனே ஓட்டாதீர்கள். அது சென்சார் இருக்கும் இடத்தின் சூடு. வெட்ஜ் முழுக்கச் சூடு பரவ இன்னும் சில நிமிடம் ஆகும். கறுப்பு ஷீட் வெயிலில் 60 டிகிரியைத் தாண்டும் என்பதால் காலையில் சரியாக இருந்த செட்டிங் மதியம் ஓரத்தைக் கருக்கும். வெயில் மாறினாலும், கரண்ட் போய் வந்தாலும், புது ரோல் பிரித்தாலும் சோதனை ஒட்டு ஒன்று போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடர வேண்டும்.

ஓவர்லேப், அதாவது ஒரு ஷீட் மேல் இன்னொன்று படியும் அகலம், 10 முதல் 15 செ.மீ. இருக்கட்டும். ஒட்டும் முகத்தைக் காய்ந்த பருத்தித் துணியால் துடையுங்கள். ஈரம் இருந்தால் ஆவியாகி உருகலில் குமிழ் விழும். மண் இருந்தால் அந்த இடமே காற்று கசியும் வழி. மண் தரையில் கீழ் ரோலர் மண்ணை அள்ளிக்கொண்டே வரும், அதற்கு அடியில் ஒரு கழிவு ஷீட் பட்டையை விரித்து இழுத்துக்கொண்டே போனால் போதும்.

சோதனைத் துண்டை 25 மி.மீ. அகலப் பட்டைகளாக வெட்டி, இரண்டு கோட்டையும் தனித்தனியே உரித்துப் பாருங்கள். ஒட்டுக்கு வெளியே ஷீட் நீண்டு கிழிந்தால் சரி. ஒட்டே ஸ்டிக்கர் போல உரிந்து வந்தால் குளிர்ந்த ஒட்டு: சூட்டை ஏற்றுங்கள் அல்லது வேகத்தைக் குறையுங்கள், இரண்டையும் சேர்த்து மாற்றாதீர்கள், எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும். ஒட்டின் ஓரத்தை ஒட்டியே முறிந்தால் அதிகச் சூடு. அலை அலையாக வந்தால் சூடோ அழுத்தமோ மிகுதி. ரோலர் வழுக்கிய தடம் தெரிந்தால் முதலில் பற்களில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக்கைப் பாருங்கள், பிறகு பிரஷரை. மெஷின் ஒரு பக்கமாக இழுத்தால் ஓவர்லேப் சீராக இல்லை, அல்லது ரோலர்களின் அழுத்தம் இரு பக்கமும் ஒன்றாக இல்லை.

முழு நீளத்துக்கும் காற்றுச் சோதனை உண்டு. காற்றுக் கால்வாயின் இரண்டு முனையையும் அடைத்து, அதில் குத்திய ஊசி வழியே 1.5 மி.மீ. ஷீட்டுக்கு சுமார் 200 கிலோபாஸ்கல் ஏற்றி, இரண்டு நிமிடம் நிலைக்க விட்டு, அடுத்த ஐந்து நிமிடம் மீட்டரைப் பாருங்கள். 20 கிலோபாஸ்கலுக்கு மேல் இறங்கக் கூடாது. முடிந்ததும் எதிர் முனையை வெட்டுங்கள். காற்று அங்கே சீறி வெளியே வந்தால்தான் கால்வாய் முழுக்கத் திறந்திருந்தது என்று அர்த்தம். நடுவில் உருகல் அடைத்திருந்தால் மீட்டர் அசையாமல் நின்று ஏமாற்றும். இந்தக் கடைசி வெட்டை விட்டுவிடுபவர்கள் நிறைய.

மூலை, குழாய் நுழையும் இடம், மூன்று ஷீட் சேரும் இடம் ஆகியவற்றில் இந்த மெஷின் உதவாது. உருகிய பிளாஸ்டிக்கைப் பிதுக்கி ஒட்டும் எக்ஸ்ட்ரூஷன் வெல்டர் தனியாக வேண்டும். பிவிசி ஷீட்டும் ஒட்டுவதாக இருந்தால் வாங்கும்போதே ஸ்டீல் வெட்ஜ் கேளுங்கள். பிவிசி சூட்டில் ஹைட்ரஜன் குளோரைடு விடும். அது செம்பு வெட்ஜை அரித்துவிடும், மூச்சுக்கும் கெடுதல்.

வேலை முடிந்ததும் வெட்ஜைப் பின்னுக்கு இழுத்து, சூடு இருக்கும்போதே பித்தளை பிரஷ்ஷால் தேயுங்கள். இரும்பு பிரஷ் செம்பில் கோடு போடும், அந்தக் கோட்டில் கருகல் தங்கும். வெட்ஜைச் சூடாக்கும் ஹீட்டர் கார்ட்ரிட்ஜ் ஒரு செட், சூட்டை அளக்கும் தெர்மோகப்பிள் ஒன்று, ரோலர் ஒரு ஜோடி ஆகியவற்றை மெஷினோடு சேர்த்தே ஆர்டர் செய்யுங்கள். இந்த உதிரிகளைக் கைவசம் வைத்திருக்காத விற்பனையாளரிடம் எவ்வளவு விலை குறைந்தாலும் வாங்க வேண்டாம்.