தண்டையார்பேட்டையில் தலைக்காயத் தெரபி: ஒரு முன்னாள் ஹவில்தாரின் ரிவ்யூ

தெரபி கொடுக்கும் ஆள் பிரமாதம், இடம் சுமார், டேப்லெட் திரையில் விளையாட வைக்கும் 'மூளைப் பயிற்சி' பேக்கேஜ் வேண்டவே வேண்டாம். அவசரமாக இருப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே திரும்பும் தெருவில், மருந்துக்கடைக்கு மேலே முதல் மாடியில் இருக்கிறது இந்த மையம். பெயரை எழுதப் போவதில்லை. குறையும் சொல்லப் போகிறேன், அங்கே வேலை பார்க்கும் பிள்ளைகளின் பிழைப்பு கெட வேண்டாம். ஏரியாக்காரர்களுக்கு எந்த இடம் என்று புரிந்துவிடும். பக்கவாதம் வந்தவர்கள், பைக்கிலிருந்து விழுந்தவர்கள், மூளையில் கட்டி எடுத்தவர்கள் எல்லாரும் வருகிறார்கள். ராணுவத்திலிருந்து வந்தவன் நான் ஒருவன்தான்.

அதனால் வெயிட்டிங்கில் உட்கார்ந்தாலே யாராவது ஆசையாகக் கேட்பார்கள், "குண்டடியா சார்?" இல்லை. மெட்ராஸ் ரெஜிமென்டில் இருந்தபோது காஷ்மீரில் பாரமுல்லா பக்கம் மலைப்பாதையில் எங்கள் வண்டி உருண்டது, தலை இரும்புச் சட்டத்தில் மோதியது, அவ்வளவுதான். கேட்டவர் முகம் வாடிவிடும். ஆனால் பட்டாளத்தில் தலையடி அதிகமாக விழுவதே இப்படித்தான். 2000ஆம் ஆண்டிலிருந்து அமெரிக்க ராணுவம் வைத்திருக்கும் கணக்கில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்களுக்கு மூளைக்காயம் பதிவாகியிருக்கிறது. அதில் பெரும்பகுதி போர்முனைக்கு வெளியே நடந்தது: பயிற்சி, வண்டி விபத்து, விளையாட்டு, கால் இடறி விழுவது. பத்தில் எட்டுக்கு மேல் லேசான வகை. அரை மணி நேரத்துக்குள் மயக்கம் தெளிந்து, ஒரு நாளுக்குள் குழப்பமும் தீர்ந்து, ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்றால் அந்த வகையில் சேர்ப்பார்கள். என்னுடையதும் அப்படித்தான். சில நாளில் டியூட்டிக்குத் திரும்பிவிட்டேன்.

தொந்தரவெல்லாம் பென்ஷன் வந்த பிறகுதான் வெளியே தெரிந்தது. யூனிட்டில் விசில் அடித்து எழுப்பவும், ரோல்காலுக்குக் கூப்பிடவும் ஆள் இருந்தது. வீட்டில் யார் இருக்கிறார்கள்? மோட்டார் போட்டால் மறந்துவிடுவேன், மாடித் தொட்டி வழிந்து கீழ்வீட்டுக்காரர் துணி நனையும். "என்னங்க, மோட்டாரு!" என்று மனைவி கத்தினால், மறந்ததற்கு வெட்கப்படாமல் கத்தியதற்குக் கோபம் வரும்.

சரி, மையத்துக்கு வருவோம். லிஃப்ட் கிடையாது. மெட்ரோ ஸ்டேஷனில் லிஃப்ட் இருக்கிறது, நடக்க முடியாதவர்கள் வரும் இடத்தில் படிக்கட்டு! அதிலும் ஏறும்போது இடப்பக்கம் மட்டும்தான் கைப்பிடி. வலக்கை செயலிழந்தவர் எப்படியோ பிடித்து ஏறிவிடுவார், இறங்கும்போது பிடிக்க ஒன்றும் இல்லை. இதை யோசிக்காமல் எப்படி நரம்பியல் மையம் கட்டினார்கள் என்று தெரியவில்லை. வெயிட்டிங் ஹாலில் சீரியல் அலறுகிறது, டியூப்லைட் ஒன்று துடித்துக்கொண்டே இருக்கிறது. தலையடி பட்ட பலருக்கு வெளிச்சமும் சத்தமும் ஆகாது. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரியின் ஹாரனை யாராலும் நிறுத்த முடியாது. ரிமோட் ரிசப்ஷனில்தானே இருக்கிறது?

முதலில் 'மூளைப் பயிற்சி' என்று மாதம் 9,000 ரூபாய் பேக்கேஜைத் தலையில் கட்டினார்கள். டேப்லெட்டில் கலர் புள்ளி தட்டுவது, சீட்டு ஜோடி சேர்ப்பது. லெவல் மேல் லெவலாக ஏறினேன், நட்சத்திரம் கொட்டியது. தொட்டி வழிந்துகொண்டேதான் இருந்தது.

அதை விட்டுவிட்டு, செஷனுக்கு 600 ரூபாய் கொடுத்து ஓ.டி. மேடத்திடம் மாறினேன். ஓ.டி. என்றால் ஆக்குபேஷனல் தெரபி, அன்றாட வேலைகளைத் திரும்பச் செய்யப் பழக்குவது. என் மகள் வயசு, ஆனாலும் நான் மேடம் என்றுதான் கூப்பிடுவேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "சார், வீட்டுல எது எதுல சிக்கல் வருது? ஒண்ணொண்ணா சொல்லுங்க." ஒரு நோட்டைக் கொடுத்து, இடப்பக்கம் நேரம், வலப்பக்கம் வேலை என்று எழுத வைத்தார். ஒரு வேலையைத் தொடங்கும்போது வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: "மோட்டார் போடுறேன், அலாரம் வைக்கிறேன்." அலாரம் அடித்தால் மோட்டாரை அணைத்துவிட்டு அதையும் நோட்டில் டிக் அடிக்க வேண்டும். அப்புறம் காசிமேடு மீன் மார்க்கெட்டுக்கு அனுப்பினார். விலை பேசி, சங்கரா வாங்கி, மீதிச் சில்லறையை எண்ணி வாங்க வேண்டும், வழியில் மெடிக்கலுக்கும் போக வேண்டும். அந்தக் கூச்சலில் விலையையும் மெடிக்கலையும் சேர்த்து மனதில் வைத்துப் பாருங்கள், எந்த டேப்லெட்டும் அந்த வேலை வாங்காது.

இது அவர் இஷ்டத்துக்குச் செய்வதில்லை. அமெரிக்காவில் சான் டியாகோவில் எலிசபெத் ட்வாம்லி குழு, மூளைக்காயம் பட்ட முன்னாள் வீரர்களுக்கு 12 வாரம் இதே மாதிரி காலண்டர், குறிப்பு, வாய்விட்டுச் சொல்லிக்கொள்வது எல்லாம் கற்றுக்கொடுத்தது. செய்ய வேண்டியதை உரிய நேரத்தில் நினைவுக்குக் கொண்டுவரும் திறன் அவர்களுக்குக் கூடியது. சான் அன்டோனியோ ராணுவ மருத்துவமனையில் 126 வீரர்களை நான்கு குழுவாகப் பிரித்து 6 வாரம் பார்த்தார்கள். தெரபிஸ்ட் கூட உட்கார்ந்து நடத்திய இரண்டு குழுக்களுக்கும் அன்றாட வேலைகளில் வந்த முன்னேற்றம், மருத்துவரின் கவனிப்பும் விளக்கமும் மட்டும் பெற்ற குழுவைவிட அதிகம். கம்ப்யூட்டர் முன்னால் தனியாக விடப்பட்ட குழுவுக்கு அந்த லாபம் கிடைக்கவில்லை. பேக்கேஜ் விற்கும் ரிசப்ஷன் தம்பியிடம் இதைச் சொன்னேன், "அது அமெரிக்கா சார்" என்றான். அமெரிக்கா வேண்டாமென்றால் ஜெர்மனிக்குப் போவோம். முதல் உலகப் போர் நடக்கும்போதே, 1916இல் ஃப்ராங்க்பர்ட்டில் கர்ட் கோல்ட்ஸ்டைன் தலையில் அடிபட்ட சிப்பாய்களுக்காகத் தொடங்கிய நிலையத்தில் பட்டறையும் உண்டு. எந்த வேலை வருகிறது, எது வரவில்லை என்று அங்கே வேலை செய்ய வைத்தே பார்த்தார்கள்.

மேடத்தின் அறையில் ஒரு கேரம் போர்டு உண்டு. வடசென்னையில் வேறென்ன இருக்கும்! விரல் நடுக்கத்துக்கு என்று வைத்திருக்கிறார்கள், எனக்கு அது கோபத்துக்கான பயிற்சி. எதிரில் உட்காருகிற பெரியவர் ஸ்ட்ரைக்கரை நைஸாக நகர்த்துவார். பார்த்துக்கொண்டே மூச்சை இழுத்து விட வேண்டும்.

ஒரு விஷயம் என்னை ரொம்ப நாள் அரித்தது. சான் ஃபிரான்சிஸ்கோவில் டெபோரா பார்ன்ஸ் குழு மூன்றரை லட்சம் முன்னாள் வீரர்களின் மருத்துவப் பதிவுகளைப் பார்த்து 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, மயக்கமே வராத லேசான தலையடிக்குக்கூட டிமென்ஷியா என்னும் மறதி நோய் வரும் அபாயம் இரண்டு மடங்குக்கு மேல். மேடத்திடம் நேரடியாகவே கேட்டேன். மழுப்பவில்லை. "அபாயம் கூடும்னா வந்தே தீரும்னு அர்த்தம் இல்ல சார். பிபி, சுகர், தூக்கம், காது கேட்கறது, இதெல்லாம் நம்ம கையில இருக்கு" என்று சொல்லி, காது டெஸ்டுக்கு எழுதிக் கொடுத்தார். அந்தப் பதிலுக்காகவே 600 ரூபாய் தரலாம்.

முன்னாள் ராணுவத்தினருக்கு: இந்த இடம் இசிஎச்எஸ் (முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவத் திட்டம்) பட்டியலில் இல்லை, கைக்காசுதான். உங்கள் பாலிகிளினிக்கில் ரெஃபரல் வாங்கி, பட்டியலில் உள்ள மருத்துவமனையில் ஓ.டி. பிரிவு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இங்கேதான் வருவதென்றால் போன் செய்யும்போதே "ஓ.டி. செஷன் மட்டும்" என்று அழுத்திச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பேக்கேஜில் போட்டுவிடுவார்கள். முதல் நாள் வீட்டிலிருந்து ஒருவரைக் கூட்டிப் போங்கள், என்ன மறக்கிறீர்கள் என்று அவர்தான் சரியாகச் சொல்வார். காலை 10 மணிக்கு முன்னால் போனால் டிவி ஓடாது.