இரண்டு ஹிட்டை உருவினால் மிச்சம் என்ன? இந்த நூற்றாண்டின் பிரிட்டிஷ் ஆல்பங்கள்

முதலில் ‘கிட் ஏ’ பஞ்சாயத்தை முடித்துவிடலாம். ரேடியோஹெட்டின் அந்த ஆல்பம் வந்தது 2000 அக்டோபரில். நூற்றாண்டு பிறந்தது 2001 ஜனவரி 1-இல். ஆக, அது போட்டியில் இல்லை. இந்த நூற்றாண்டின் சிறந்த பிரிட்டிஷ் ஆல்பம் எது என்று எங்கே பேச்சு எழுந்தாலும் இந்த மூன்று மாதக் கணக்கே பாதி நேரத்தைத் தின்றுவிடும். பி.ஜே. ஹார்வியின் ‘ஸ்டோரீஸ் ஃப்ரம் த சிட்டி, ஸ்டோரீஸ் ஃப்ரம் த சீ’ ஆல்பத்துக்கும் அதே கதிதான். அதுவும் 2000 அக்டோபர் சரக்கு.

மெர்குரி பரிசைத் துணைக்குக் கூப்பிடுகிறவர்கள் உண்டு. 1992-இலிருந்து ஆண்டுதோறும் பிரிட்டன், அயர்லாந்து ஆல்பங்களில் சிலவற்றைப் பட்டியலிட்டுச் சிறந்த ஒன்றுக்குக் கொடுக்கிறார்கள். ஆனால் 2007 பட்டியலில் ஏமி வைன்ஹவுஸின் ‘பேக் டு பிளாக்’ இருந்தும் பரிசை எடுத்துப்போனது கிளாக்ஸன்ஸ். மறு வருடம் ரேடியோஹெட்டின் ‘இன் ரெயின்போஸ்’, பரியலின் ‘அன்ட்ரூ’ இரண்டுமே பட்டியலில் இருக்க, எல்போ ஜெயித்தது. எல்போ மோசமில்லை, ஆனால் இன்று அந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டால் நடுவர்களுக்காகக் கொஞ்சம் சங்கடமாக இருக்கும். விற்பனைதான் அளவுகோல் என்றால் பேச்சுக்கே இடமில்லை: அடெலின் ‘21’. பிரிட்டிஷ் தரவரிசையில் மொத்தம் 23 வாரம் முதலிடம். ‘ரோலிங் இன் த டீப்’, ‘சம்ஒன் லைக் யூ’ இரண்டையும் எடுத்துவிட்டு அதை மறுபடி கேட்டுப் பாருங்கள்.

இங்கே வைத்திருக்கும் சோதனையும் அதுதான். ஊரறிந்த இரண்டு பாட்டை உருவிவிட்டு மிச்சத்தை முதலிலிருந்து கடைசிவரை வரிசையாகக் கேட்பது. நின்றால் ஆல்பம், சரிந்தால் இரண்டு நல்ல பாட்டும் அவற்றுக்குப் போட்ட பந்தலும்.

கேட்கும் முன் ஆப்பில் மூன்று விஷயங்களைச் சரிசெய்யுங்கள். ஷஃபிளை நிறுத்துங்கள். கிராஸ்ஃபேடை பூஜ்யத்தில் வையுங்கள். இல்லையென்றால் ஒரு பாட்டின் வாலும் அடுத்ததன் தலையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, பாடல் வரிசைக்கே அர்த்தம் போய்விடும். வால்யூம் நார்மலைசேஷனை மட்டும் அணைக்காதீர்கள். சத்தமாக இருப்பதுதான் நன்றாக இருப்பதாகக் காதுக்குத் தோன்றும். 2002-இன் ஆல்பத்தையும் 2006-இன் ஆல்பத்தையும் ஒப்பிடும்போது சத்தமாக மாஸ்டர் செய்தது, அதாவது வெளியிடும் முன் கடைசி ஒலித்திருத்தத்தில் சத்தத்தை ஏற்றியது, சும்மாவே ஜெயித்துவிடும். ஸ்பாட்டிஃபை வழக்கமாக எல்லாவற்றையும் மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ். (காதுக்குக் கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்குக் கொண்டுவருகிறது. அந்த நிலையில் கேட்டால்தான் எதில் உயிர் இருக்கிறது, எதில் வெறும் இரைச்சல் இருக்கிறது என்பது தெரியும். போன் ஸ்பீக்கர் மட்டும் வேண்டவே வேண்டாம். கீழே சொல்லும் ஆல்பங்களில் பாதிக்கு மேல் அடித்தள பாஸில்தான் வாழ்கின்றன. போன் ஸ்பீக்கரில் அது வருவதே இல்லை.

இந்தச் சோதனையில் முதலில் அடிபடுவது ஆர்க்டிக் மங்கீஸின் முதல் ஆல்பம், ‘வாட்எவர் பீப்பிள் சே ஐ ஆம், தட்ஸ் வாட் ஐம் நாட்’. 2006 ஜனவரியில் முதல் வாரத்திலேயே 3,63,735 பிரதிகள் போயின. ஷெஃபீல்டு இளைஞர்களின் சனிக்கிழமை ராத்திரியை அலெக்ஸ் டர்னர் எழுதியதுபோல் அப்புறம் யாரும் எழுதவில்லை. ஹிட்டை உருவினாலும் கடைசிப் பாட்டு ‘எ சர்ட்டன் ரொமான்ஸ்’ தனியாகத் தாங்கி நிற்கும். குறை எழுத்தில் இல்லை, மிக்ஸிலும் மாஸ்டரிங்கிலும். மெதுவான இடத்துக்கும் வெடிக்கும் இடத்துக்கும் நடுவே இடைவெளியே இல்லாமல் எல்லாவற்றையும் உச்சத்துக்கு நசுக்கிவிட்டார்கள். டிரம்ஸ் அடி ‘டப்’ என்று விழ வேண்டிய இடத்தில் ‘தப்’ என்று சப்பையாக விழுகிறது. 41 நிமிடத்தை முடிப்பதற்குள் காது களைத்துவிடும். வினைல் வாங்கினாலும் மிக்ஸில் நசுங்கியது நிமிராது.

‘பேக் டு பிளாக்’ வேறு கதை. 2006 அக்டோபர், 11 பாட்டு, 35 நிமிடம். மார்க் ரான்சன் தயாரித்த பாட்டுகளுக்கு புரூக்ளினின் டாப்டோன் ஸ்டூடியோவில் டாப்-கிங்ஸ் குழு வாசித்தது. மற்றவற்றைத் தயாரித்தவர் சலாம் ரெமி. டாப்-கிங்ஸ் வாசித்தபோது ஏமி அங்கே இல்லை. அவர்களைச் சந்தித்ததே பிறகுதான். ஆனால் கேட்டால் எல்லாரும் ஒரே அறையில் முகம் பார்த்து வாசித்ததுபோல் இருக்கும். காரணம், அந்தக் குழு உண்மையிலேயே ஒரே அறையில் உட்கார்ந்து வாசித்தது. டிரம்ஸின் சத்தம் பியானோ மைக்கிலும் கசிகிறது. அந்தக் கசிவுதான் 1960-களின் வாசனை. ‘ரீஹாப்’பையும் தலைப்புப் பாட்டையும் எடுத்துவிடுங்கள்: ‘லவ் இஸ் எ லூசிங் கேம்’ இரண்டரை நிமிடத்தில் முழு ஆல்பத்தின் எடையையும் தூக்கும். சரிவு எட்டாவது பாட்டுக்கு அப்புறம் வருகிறது. ‘சம் அன்ஹோலி வார்’, ‘ஹி கேன் ஒன்லி ஹோல்ட் ஹர்’ இரண்டும் இடத்தை நிரப்புகின்றன, அவ்வளவுதான்.

வாங்குகிறவர்களுக்கு ஒன்று. ‘வேலரி’ இந்த ஆல்பத்தில் கிடையாது. அது மார்க் ரான்சனின் 2007 ஆல்பமான ‘வெர்ஷ’னில் வந்தது, ‘பேக் டு பிளாக்’ டீலக்ஸின் இரண்டாவது தட்டில் இருப்பது வானொலிக்காகப் பாடிய வேறு வடிவம். அந்தத் தட்டு சுவாரசியமானதுதான், ஆனால் ஆல்பத்தோடு ஒட்டவைத்துக் கேட்டால் 35 நிமிடக் கச்சிதம் குலைந்துவிடும். ஸ்ட்ரீமிங்கில் தேடும்போது டீலக்ஸ் வந்து நின்றால் 11-ஆவது பாட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

‘இன் ரெயின்போஸ்’ பற்றிப் பேசும்போது எல்லோரும் பாட்டை விட்டுவிட்டு விலையைப் பேசுவார்கள். 2007 அக்டோபர் 10-இல் ரேடியோஹெட் தங்கள் தளத்திலேயே போட்டு, விரும்பிய விலை கொடுங்கள் என்றார்கள். வந்தது 160 கே.பி.பி.எஸ். எம்பி3. சுமார்தான். பழைய ஹார்ட் டிஸ்கில் அந்தக் கோப்பை இன்னும் வைத்திருப்பவர்கள் ஆல்பத்தைச் சரியாகக் கேட்டதில்லை என்றே சொல்ல வேண்டும். முதல் பாட்டு ‘15 ஸ்டெப்’ ஐந்து எண்ணிக்கையில் ஓடுகிறது. ‘தகதகிட’ என்று கையில் தட்டிக்கொண்டே கேளுங்கள், முதலில் தடுக்கும் இடமெல்லாம் கண்ட நடையாக வந்து உட்கார்ந்துவிடும். ‘வியர்ட் ஃபிஷஸ்’ பாட்டில் கிதார்கள் ஒன்றன் இடுக்கில் ஒன்று நுழைந்து பின்னுவதை ஹெட்போனில் இடம் வலமாகப் பிரித்துக் கேட்கலாம். எந்த இரண்டு பாட்டை உருவினாலும் இந்த ஆல்பம் அசையவில்லை. அப்படியானால் ஏன் முதலிடம் இல்லை? பிரிட்டன் என்ற நாடு இதில் எங்குமே இல்லை. எந்த ஊரில் வேண்டுமானாலும் பிறந்திருக்கக்கூடிய அழகு இது. மற்ற பட்டியலில் முதலிடம் கொடுக்கலாம். இந்தப் பட்டியலில் முடியாது.

அந்தக் கணக்கில் பார்த்தால் எம்.ஐ.ஏ.வின் ‘கலா’வை எங்கே வைப்பது என்று கேட்பீர்கள். லண்டனில் பிறந்து யாழ்ப்பாணத்தில் வளர்ந்து மறுபடி லண்டன் வந்த மாதங்கி அருள்பிரகாசம், அம்மாவின் பெயரை வைத்து 2007-இல் வெளியிட்டது. அமெரிக்க விசா இழுபறியில், இந்தியா, டிரினிடாட், ஜமைக்கா, லைபீரியா, ஆஸ்திரேலியா என்று சுற்றிப் பதிவுசெய்தார். முதல் பாட்டு ‘பாம்பூ பாங்கா’வில் இளையராஜாவின் ‘தளபதி’ பாட்டு ‘காட்டுக்குயிலு’ துண்டாக வருகிறது. மேற்கத்திய விமர்சனங்களில் அதை ஏதோ நடனத் தாளம் என்று தாண்டிப் போவார்கள். நமக்கு அது பொங்கல் நெருப்பைச் சுற்றி ரஜினியும் மம்மூட்டியும். ‘பர்ட் ஃப்ளூ’விலும் ‘பாய்ஸ்’ பாட்டிலும் இருப்பது சென்னையில் பதிவான உறுமி. ஒரு முகத்தில் வளைந்த குச்சியால் தேய்த்து மறு முகத்தில் அடிக்கும்போது வரும் அந்த ‘ம்ம்ஊம்’ என்ற முனகலை ஹெட்போனில் கவனியுங்கள். எலெக்ட்ரானிக் பாஸ் செய்ய வேண்டிய வேலையை அது செய்கிறது. கூடவே கோழி கத்துகிறது, பிள்ளைகள் கூவுகிறார்கள். மிக்ஸ் வேண்டுமென்றே கரகரப்பாக வைக்கப்பட்டது. மலிவான இயர்போனில் காதைக் கீறும். ஈக்வலைசரில் 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் இரண்டு புள்ளி இறக்கினால் உறுமி தெளியும்.

‘பேப்பர் பிளேன்ஸ்’ போனாலும் ‘கலா’வுக்குச் சேதம் குறைவு. உண்மையில் அந்தப் பாட்டுதான் தி கிளாஷ் குழுவின் பாட்டிலிருந்து எடுத்த சாம்பிள் துண்டின் மேல் சொகுசாக உட்கார்ந்திருக்கும் விருந்தாளி. சேதம் வருவது கடைசியில்: அமெரிக்கத் தயாரிப்பாளர் டிம்பலண்ட் வரும் ‘கம் அரவுண்ட்’. வேறு யாருடைய ஆல்பத்திலிருந்தோ கழன்று விழுந்ததுபோல் இருக்கிறது. 11-ஆவது பாட்டான ‘பேப்பர் பிளேன்’ஸோடு முடித்திருக்கலாம். இத்தனை நாடு சுற்றியதை எப்படி பிரிட்டிஷ் என்பது என்று கேட்டால், இத்தனை நாட்டுச் சத்தமும் ஒரே பஸ்ஸில் ஏறும் நகரம் லண்டன்தான் என்பது பதில்.

லண்டன் என்றால் ராப் பாடகர் டிஸ்ஸி ராஸ்கலின் ‘பாய் இன் டா கார்ன’ரை விட முடியாது. 2003. மெர்குரி வாங்கியபோது வயது 18. ‘ஐ லவ் யூ’ பாட்டு பள்ளிக்கூடக் கம்ப்யூட்டரில் முளைத்தது. பாஸ் சதுர அலையாக, பழைய கைப்பேசி ரிங்டோனை அண்டாவுக்குள் போட்டதுபோல் ஒலிக்கும். ஹிட்டான ‘ஃபிக்ஸ் அப், லுக் ஷார்ப்’பை உருவினால் ஆல்பம் தேறிவிடுகிறது, பில்லி ஸ்குவயரின் ராக் டிரம்ஸை எடுத்துச் செய்த அந்தப் பாட்டு மற்றவற்றோடு ஒட்டவே இல்லை. 15 பாட்டு, 57 நிமிடம் என்பதுதான் பிரச்சினை. நடுவில் ஒரு பத்து நிமிடம் தொய்கிறது. வினைலில் வாங்கினால் இரண்டு தட்டுப் பதிப்பாகவே வாங்குங்கள். ஒரு பக்கத்தில் 22 நிமிடத்துக்கு மேல் அடைத்தால் தடங்களை நெருக்க வேண்டும். நெருக்க பாஸைக் குறைக்க வேண்டும். பாஸ் போனால் இந்த ஆல்பத்தில் கோபம் மட்டும்தான் மிஞ்சும்.

முந்தைய வருடம் வந்த தி ஸ்ட்ரீட்ஸின் ‘ஒரிஜினல் பைரேட் மெட்டீரிய’லுக்கு ஒரு வரி. அந்தப் பெயரில் பாடும் மைக் ஸ்கின்னர் காலிசெய்த அலமாரிக்குள் மெத்தை, போர்வை வைத்துக் குரலைப் பதிவுசெய்தார். எதிரொலி துளியும் இல்லாததால் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் இருக்கும். தாளங்களுக்கு வயதாகிவிட்டது, பேச்சுக்கு ஆகவில்லை.

‘அன்ட்ரூ’வில் உருவுவதற்குச் ஹிட்டே கிடையாது. 2007 நவம்பரில் வந்தபோது பரியல் யார் என்று யாருக்கும் தெரியாது. வில்லியம் பெவன் என்ற பெயர் அடுத்த ஆகஸ்டில்தான் வெளிவந்தது. சவுண்ட் ஃபோர்ஜ் என்ற ஒலித்திருத்தும் மென்பொருளில், தாளத்தைக் கட்டத்துக்குள் அடுக்கித்தரும் சீக்வென்ஸர் இல்லாமல், அலைவடிவத்தைக் கண்ணால் பார்த்து ஒவ்வொரு அடியையும் வைத்தார். அதனால் ‘ஆர்க்கேஞ்ச’லில் ஸ்னேர் டிரம்மின் அடி ஒரு மயிரிழை தள்ளி விழுகிறது, மெட்ரோனோம் போட்டுப் பார்த்தால் தப்பு, நடந்துகொண்டே கேட்டால் நம் காலடி. பெண் குரல்போல் கேட்பதில் பலவும் சுருதி மாற்றிய ஆண் குரல்கள். வினைலில் வாங்கியவர்கள் ஊசியைத் துடைத்துத் துடைத்துப் பார்க்க வேண்டாம்: கரகர சத்தமும் மழையும் ஆல்பத்திலேயே இருப்பவை. 13 தடங்களும் இருக்கின்றனவா என்று அட்டையின் பின்பக்கத்தில் எண்ணிவிட்டு வாங்குங்கள். குறை, ஆறாவது பாட்டையும் ஒன்பதாவதையும் பெயர் சொல்லிப் பிரிக்க முடியாது. இரண்டாமிடம்.

டேவிட் போவியின் ‘பிளாக்ஸ்டா’ரை இங்கே சேர்க்காததற்குத் திட்டு வரும். 2016 ஜனவரி 8-இல் அவர் பிறந்தநாளில் வந்தது, இரண்டு நாளில் அவர் போய்விட்டார். நியூயார்க் ஜாஸ் கலைஞர்கள் அபாரம். ஆனால் அந்த மரணத்தை ஒதுக்கிவைத்து யாரும் இன்னும் அதைக் கேட்கவில்லை. கடந்த பத்து வருடத்தில் அதற்கு அப்புறம் லிட்டில் சிம்ஸின் ‘சம்டைம்ஸ் ஐ மைட் பி இன்ட்ரோவர்ட்’ மட்டுமே முதல் வரிசைக்கு வருகிறது. 19 தடங்களில் நடுநடுவே வரும் பேச்சுத் துண்டுகளைத் தாண்டிவிட்டால் இன்னும் மேலே வரும்.

முதலிடம் பி.ஜே. ஹார்வியின் ‘லெட் இங்கிலாந்து ஷேக்’. 2011 பிப்ரவரி, 12 பாட்டு, 40 நிமிடம். டார்செட்டில் கடலோரக் குன்றின் மேலிருக்கும் ஒரு சர்ச்சில் ஐந்து வாரத்தில் பதிவானது. விஷயம் போர், குறிப்பாக முதல் உலகப் போரில் துருக்கிக் கரையில் நடந்த 1915-இன் கலிப்போலிச் சண்டை. பாடல்களில் கிதாரைவிட ஆட்டோஹார்ப் என்ற தந்தி வாத்தியம் முன்னால் நிற்கிறது. மடியில் வைத்து ஒரு இழுப்பு இழுத்தால் பல சுரம் சேர்ந்தொலிக்கும் முழு கார்டும் பனிபோல் பரவும். ‘த குளோரியஸ் லேண்ட்’ தொடக்கத்தைப் பாருங்கள்: பாட்டு ஒரு தாளத்தில் போய்க்கொண்டிருக்க, குறுக்கே ராணுவ ஊதுகொம்பு நுழைகிறது. சுருதியும் சேரவில்லை, தாளமும் சேரவில்லை. பக்கத்து அறையில் வேறு ஏதோ ஓடுகிறது என்று பலர் நிறுத்திப் பார்ப்பார்கள். அந்தச் சேராமைதான் பாட்டு. உழவைப் பாடும் நிலத்துக்குள் படை புகுவதை வரிகள் சொல்லும் முன்பே காது அறிந்துவிடுகிறது. சிறு ஸ்பீக்கரில் ஆட்டோஹார்ப்பும் எதிரொலியும் கலந்து கஞ்சியாகிவிடும், ஹெட்போன் கட்டாயம்.

இதில் உருவுவதற்கு ஊரறிந்த ஹிட் இல்லை. சிங்கிளாக வந்தவற்றை எடுத்தாலும் ‘ஆல் அண்ட் எவ்ரிஒன்’, ‘ஆன் பேட்டில்ஷிப் ஹில்’ இரண்டும் நடுவில் தூணாக நிற்கின்றன. ஒரே இடைஞ்சல், வரிகளைக் கவனிக்காமல் பின்னணியில் ஓடவிட்டால் இதமான நாட்டுப்பாடல் தொகுப்பு என்று ஏமாந்துபோவீர்கள். கேட்பதற்கு முன் கலிப்போலிச் சண்டை பற்றி ஒரு பக்கம் படித்துவிடுங்கள். மெர்குரி நடுவர்கள் இந்த முறை தவறவில்லை; இரண்டு முறை அந்தப் பரிசை வாங்கிய ஒரே கலைஞர் ஹார்வி.

வினைலில் பக்கத்துக்குச் சுமார் 20 நிமிடம், ஒரே தட்டில் அளவாக உட்காரும். கடைசிப் பாட்டு ‘த கலர் ஆஃப் தி எர்த்’ ஹார்வியின் குரலில் தொடங்காது; தொடங்குவது உடன் வாசிக்கும் மிக் ஹார்வி. தட்டு மாறிவிட்டது என்று எழுந்து போகாதீர்கள்.