பேட்டைத் தெருவும் மனைப்பிரிவுச் சாலையும்

1866-இல் நகராட்சியாகி 1994-இல் மாநகராட்சியான சேலம் விரிந்த விதத்தை அறிய, பழைய வணிகப் பகுதியான செவ்வாய்ப்பேட்டையையும் ஓமலூர் சாலைப் பக்கம் எழுந்த வீட்டு மனைப்பிரிவுகளையும் அடுத்தடுத்துப் பார்த்தாலே போதும்.

செவ்வாய்ப்பேட்டையில் மூட்டை இறக்கும் லாரி கடைவீதியை அடைத்து நின்றால், பின்னால் வரும் ஸ்கூட்டர்காரர் பக்கத்துச் சந்தில் நுழைந்து அடுத்த தெருவில் வெளியே வந்துவிடுகிறார். தெருக்கள் குறுகல்தான், தீயணைப்பு வண்டி திணறும் சந்துகளும் உண்டு. ஆயினும் சந்திப்புகள் நெருக்கமாக இருப்பதால் நடப்பவருக்குத் தொலைவு குறைகிறது.

மனைப்பிரிவிலோ சாலை அகலமானது, மனைகளும் வரிசை பிசகாதவை. ஆனால் நிலம் காடு காடாக, அதாவது ஒவ்வொரு விளைநிலமாக, வாங்கப்பட்டு, ஒவ்வொன்றும் தனித்தனியே பிரிக்கப்படுவதால், ஒருவர் போட்ட சாலை அவருடைய வரப்போடு நின்றுவிடுகிறது. பக்கத்துக் காட்டுக்காரர் சில ஆண்டுகள் கழித்துப் பிரிக்கும்போது அவருடைய சாலை வேறோர் இடத்தில் தொடங்க, இடையே காம்பவுண்டுச் சுவர் எழுந்துவிடுகிறது. சுவருக்கு அப்பால் கண்ணுக்குத் தெரியும் மளிகைக் கடைக்குக்கூட முதன்மைச் சாலைக்குப் போய்த்தான் சுற்றி வர வேண்டும். பால் வாங்கப் போகிறவரும் வெளியூர்ப் பேருந்தும் ஒரே சாலையில் சேர்வதற்கு இதுவே காரணம். ஐந்து ரோடு சந்திப்பின் ஈரடுக்கு மேம்பாலம் நெடும்பயணத்தை எளிதாக்கலாம். இந்தச் சுற்றை அது குறைக்காது.

என் கணிப்பில் பேட்டையின் குறை ஓரளவு தீரக்கூடியது: ஒருவழிப் பாதையும் சரக்கு இறக்க நேரக் கட்டுப்பாடும் கைகொடுக்கும். மனைப்பிரிவின் குறை அப்படியன்று. அனுமதியற்ற மனைகளை வரன்முறைப்படுத்த 2017-இல் தமிழக அரசு விதிகள் வகுத்தது. ஆனால் வீடுகள் எழுந்துவிட்ட இடத்தில் விடுபட்ட இணைப்புச் சாலைக்கு இனி யாருடைய மனையையாவது கையகப்படுத்தியாக வேண்டும்.