நாட்டு மருந்துக் கடை நன்னாரி: கட்டு வேரா, பாக்கெட்டா?

சித்திரை வெயில் ஏற ஏற மதுரையில் நன்னாரி வேருக்குக் கிராக்கி கூடிவிடும். கீழமாசி வீதிப் பக்கத்து நாட்டு மருந்துக் கடைகளில் கட்டு வேர், நறுக்கி அடைத்த பாக்கெட், பொடி என்று மூன்று விதமாகக் கிடைக்கிறது. வாங்க வேண்டியது கட்டு வேர்தான். பொடியைத் தொடவே வேண்டாம்.

நல்ல வேர் பெரும்பாலும் பென்சில் பருமனைத் தாண்டாது; வளைந்து நெளிந்து நீளமாகப் போகும். கரும்பழுப்புத் தோலில் குறுக்கே வெடிப்புகள் ஓடும். அந்த வெடிப்பில் நகத்தை விட்டு நெம்பினால் தோல் தனியாகக் கழன்று வரும், உள்ளே வெளிறிய கட்டை தெரியும். வாசனை தோலில்தான், கட்டையால் எடைதான் கூடும். கழற்றிய தோலை முகர்ந்தும் மணம் வரவில்லையென்றால் அது பழைய சரக்கு, இல்லையென்றால் வேறு ஏதோ பால்கொடியின் வேர்.

மணத்தை மட்டும் நம்பவும் கூடாது. மாகாளிக்கிழங்கிலும் இதே வாசனைப் பொருள்தான் இருக்கிறது. அது விரல் பருமனுக்குச் சதைப்பற்றாக இருக்கும். ஊறுகாய்க்கு அருமையான கிழங்கு, ஆனால் நன்னாரி ஆகாது. நறுக்கிய பாக்கெட்டில் அதைக் கலந்திருந்தால் பிரித்தறிவது கஷ்டம். பொடியில் முடியவே முடியாது.

செடியைப் பார்த்தவர்களுக்குச் சந்தேகம் வராது. அழகர்மலை, சிறுமலை அடிவாரப் புதர்களில் படரும் மெல்லிய கொடி. இலைகள் எதிரெதிராக, நடுநரம்பை ஒட்டி வெள்ளை பாய்ந்திருக்கும். ஒரே கொடியில் குறுகிய இலையும் அகன்ற இலையும் இருக்கும். கிள்ளினால் பால் வரும். மருந்துக்கு வேரைத் தோண்டுவதால் கொடியே போய்விடுகிறது. ஒரு துண்டு வேரையாவது மண்ணில் விட்டு வைப்பவர்களிடம் வாங்குவது நல்லது.

சர்பத்துக்கு 50 கிராம் வேர் போதும். மண் போகக் கழுவி, நிழலில் உலர்த்தி, தட்டி, கட்டையை எடுத்துவிடுங்கள். கொதித்து இறக்கிய 1 லிட்டர் தண்ணீரில் போட்டு, மூடி, இரவு முழுக்க ஊறவிடுங்கள். வேரைத் திறந்த பாத்திரத்தில் வெகுநேரம் கொதிக்கவிட்டால் மணம் ஆவியோடு போய்விடும். பலருக்கும் சர்பத் சப்பென்று ஆவது இதனால்தான். துணியில் வடிகட்டி 1 கிலோ சர்க்கரை சேர்த்து, விரலில் பிசுக்கென்று ஒட்டும் வரை சிறுதீயில் காய்ச்சி, ஒரு எலுமிச்சைச் சாறு விட்டு இறக்குங்கள். சாறு விடாவிட்டால் சர்க்கரை பூத்துவிடும். சர்க்கரையைக் குறைத்தால் பூஞ்சை பிடிக்கும். நிறம் இளம்பழுப்பாகத்தான் வரும். கடை பாட்டிலின் கறுப்பு பெரும்பாலும் கருக்கிய சர்க்கரை, இல்லையென்றால் சேர்த்த நிறம்.

சித்த மருத்துவத்தில் நீர்க்கடுப்பு, பித்தச் சூடு, தோல் நோய்களுக்கு இந்த வேரைக் கொடுக்கிறார்கள். அதற்குச் சர்பத் சரிவராது. வேர் ஊறிய தண்ணீர்தான். கர்ப்பிணிகளும் தினமும் மருந்து சாப்பிடுபவர்களும் வைத்தியரைக் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும்.

வாங்கும்போது கட்டு வேரை அவிழ்த்துக் காட்டச் சொல்லுங்கள். நடுவில் ஈர வேரை வைத்துக் கட்டியிருந்தால் ஒரே வாரத்தில் வெள்ளைப் பூஞ்சை பிடித்துவிடும்.