பெயின்ட் மார்க்கரில் மினியேச்சர்: நீண்ட நாள் பழகிய பிறகு

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கற்பனைக் கதை ஆட்டத்துக்கு மேசையில் நிறுத்தும் மினியேச்சர்களில், அதாவது சின்ன உருவங்களில், பெரும்பாலானவற்றை இப்போது பெயின்ட் மார்க்கரிலேயே (பெயின்ட் நிரப்பிய பேனா) முடித்துவிடுகிறேன். கோப்ளின் (குட்டி அரக்கர்) கூட்டம், எலும்புக்கூட்டுப் படை, நகரக் காவலர்கள் என எண்ணிக்கை அதிகம் தேவைப்படும் உருவங்களுக்கு இதைவிட வேகமான வழி எனக்குத் தெரியவில்லை. பிரஷ் என்றால் பெயின்ட் கலக்க வேண்டும், தண்ணீர் மாற்ற வேண்டும், அதற்குள் பாலெட்டில் (கலவைத் தட்டில்) இருப்பது காய்ந்துவிடும். மார்க்கரில் அந்த வேலையே இல்லை. அரை மணி நேரம் கிடைத்தாலும் உட்கார்ந்துவிடலாம்.

நான் அதிகம் பயன்படுத்துவது போஸ்கா. ஜப்பானின் மிட்சுபிஷி பென்சில் நிறுவனத் தயாரிப்பு, தண்ணீர் சார்ந்த நிறமிப் பெயின்ட். 28 மி.மீ. உருவங்களுக்கு 0.7 மி.மீ. முனை கொண்ட பிசி-1எம்ஆர்தான் கைக்கு வாகு. மேலங்கி, கேடயம் போன்ற அகலமான பரப்புகளுக்கு பிசி-3எம். அதைவிடத் தடிமனானதை அடித்தட்டின் விளிம்புக்குத் தவிர எடுப்பதே இல்லை.

முனை பள்ளத்துக்குள் போகாது என்பதைத்தான் மார்க்கரின் குறையாகப் பலரும் சொல்வார்கள். என் அனுபவத்தில் அதன் பெரிய பலமே அதுதான். ஆனால் பிரைமர், அதாவது முதலில் அடிக்கும் அடிப்பூச்சு, இருட்டாக இருக்க வேண்டும். ஒரு எலும்புக்கூட்டுக்கு அடர்பழுப்பு பிரைமர் அடித்துவிட்டு, தந்த நிற மார்க்கரைச் சாய்த்துப் பிடித்து விலா எலும்புகளின் மேல் குறுக்கே இழுத்துப் பாருங்கள். ஒவ்வொரு எலும்பின் முதுகிலும் நிறம் ஏறும், இடைவெளிகள் பழுப்பாகவே நிற்கும். கண்குழியும் மூக்குக்குழியும் அப்படியே இருண்டிருக்கும். டிரைபிரஷ் செய்தாலும் (பெயின்டைப் பெரும்பாலும் துடைத்துவிட்ட பிரஷ்ஷால் மேலாகத் தேய்த்தாலும்) இதே விளைவு வரும்தான், ஆனால் பக்கத்திலிருக்கும் வாளிலும் துணியிலும் நிறம் ஒட்டிவிடும். மார்க்கர் நாம் தொட்ட இடத்தோடு நின்றுவிடுகிறது. கோடரியின் கூர் விளிம்புக்கும் இதே முறைதான்: முனையின் பக்கவாட்டை விளிம்போடு ஓட்டினால் மெல்லிய கோடு விழும். அதையே பிரஷ்ஷில் போட நிறையப் பழக்கம் வேண்டும்.

மினியேச்சர் தயாரிக்கும் கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம் 2019-ல் கொண்டுவந்த கான்ட்ராஸ்ட் பெயின்ட் இதற்கு நேர் எதிர். வெளிர் பிரைமரின் மேல் வழிந்து, பள்ளத்தில் தேங்கி, நிழலைத் தானே உண்டாக்கும். ரோமம், மடிப்பு மடிப்பான துணி இவற்றுக்கு அதுவே மேல். கவசம், எலும்பு, மரம், கல் எல்லாம் மார்க்கருக்கு.

முகத்துக்கு மட்டும் மார்க்கரை நம்ப வேண்டாம். கண்ணுக்கு முனை தடிமன், தோலில் நிறத்தை இழைக்கவும் வழியில்லை. அங்கே மார்க்கரை பாலெட்டில் அழுத்திச் சொட்டு விட்டு, அந்தப் பெயின்டை பிரஷ்ஷால் தொட்டுக்கொள்ளலாம். நிறமும் மாறாது.

வாஷ், அதாவது பள்ளங்களில் தேங்கி நிழல் தரும் நீர்த்த பெயின்ட், போடும்போதுதான் மிகவும் கவனம் தேவை. பிளாஸ்டிக்கின் மேல் காய்ந்த தண்ணீர் சார்ந்த மார்க்கர் பெயின்ட், மறுபடி ஈரம் பட்டால் இளகிக் கிளம்பக்கூடும். அதனால் முதலில் மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ் ஸ்பிரே, அது நன்றாகக் காய்ந்த பின் பழுப்பு வாஷ், கடைசியில் இன்னொரு முறை வார்னிஷ். ஆட்டத்தில் பல கைகள் தொடும் உருவம் என்பதால் அந்தக் கடைசிப் பூச்சை நான் ஒருபோதும் விடுவதில்லை. பூச்சுக்குப் பூச்சு தெரியும் பளபளப்பு வித்தியாசத்தையும் அது மறைத்துவிடும்.

அப்புறம், முதல் பூச்சு காயாமல் இரண்டாவதைப் போடக் கூடாது. முனை அடியிலிருக்கும் பெயின்டைச் சுரண்டி எடுத்துவிடும். முனையை அழுத்தி மை இறக்குவதும் எப்போதும் ஒரு துண்டுக் காகிதத்தில்தான். உருவத்தின் மேல் அழுத்தினால் குபுக்கென்று கொட்டி, நுணுக்கமெல்லாம் மூடிப்போகும்.

புதிதாகத் தொடங்குபவர்கள் பெரிய செட் வாங்க வேண்டியதில்லை. தந்த நிறம், சாம்பல், பழுப்பு, அடர்பச்சை, பொன் ஆகிய ஐந்தும் ஒரு கறுப்பு பிரைமரும் இருந்தால் ஒரு கோப்ளின் கூட்டத்தையே மேசைக்கு அனுப்பிவிடலாம்.