பழைய ஹைப்ரிட் காரின் பேட்டரி படுத்தபோது: என் அனுபவம்

பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைப்ரிட் காரில் பழையதை ஓட்டுபவரைப் பார்த்தால் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "பேட்டரி போனால் என்ன பண்ணுவீங்க?" பத்து வருடத்தைத் தாண்டிய என் வண்டியில் அது போனது. மாற்றி, அதற்கப்புறம் கோடையும் மழையும் ஓட்டிப் பார்த்துவிட்டேன். இனி இந்த நிலைமைக்கு வரப்போகிறவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

பேட்டரி ஒரே நாளில் போகவில்லை. டேஷ்போர்டில் சிவப்பு முக்கோணம் எரிவதற்கு வெகு முன்பே வண்டி சொல்லத் தொடங்கிவிட்டது. முதலில் சார்ஜ் காட்டும் கட்டங்கள் தாவின. ஒரு இறக்கம் இறங்கினால் மளமளவென்று நிரம்பும். அடுத்த சிக்னலில் ஏசியோடு நின்றால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சரியும். நல்ல பேட்டரியில் இந்த ஏற்ற இறக்கம் நிதானமாக நடக்கும். அப்புறம், நின்றால் அணைந்துவிடும் எஞ்சின் நின்ற இடத்திலும் உறுமிக்கொண்டே இருந்தது. பின் சீட்டுப் பக்கம் பேட்டரி ஃபேன் பாட்டுச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. மைலேஜ் குறைந்தது கடைசியில்தான் கண்ணில் பட்டது.

உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தால் இதெல்லாம் ஏன் என்று புரியும். பழைய ஹைப்ரிட்களில் பலருக்கும் தெரிந்தது 2004 முதல் 2009 வரை வந்த இரண்டாம் தலைமுறை டொயோட்டா பிரியஸ். அதன் பேக்கில், அதாவது பெரிய பேட்டரித் தொகுப்பில், 28 மாடியூல்கள் (சிறு பேட்டரிக் கட்டிகள்). ஒவ்வொன்றிலும் 1.2 வோல்ட் நிக்கல் செல்கள் ஆறு. எல்லாம் வரிசையாகக் கோர்க்கப்பட்டு மொத்தம் 201.6 வோல்ட். என் வண்டியும் இதே பாணிதான். வரிசையில் கோர்த்திருப்பதால் ஒரு மாடியூல் தளர்ந்தாலும் மொத்தப் பேக்கும் அதன் வேகத்துக்குத்தான் ஓட முடியும். அந்தத் தளர்ந்த மாடியூல் சீக்கிரம் நிரம்பி, சீக்கிரம் காலியாகும். கட்டங்கள் தாவியது அதனால்தான்.

இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை. இந்த வகை வண்டியில் தனியாக ஸ்டார்ட்டர் மோட்டார் கிடையாது. எஞ்சினைச் சுழற்றுவதே இந்தப் பெரிய பேட்டரிதான். டேங்க் நிறையப் பெட்ரோல் இருந்தாலும் பேக் முழுதாகச் செத்துவிட்டால் வண்டி கிளம்பாது. "விளக்கு எரிந்தால் எரியட்டும், பெட்ரோலில் ஓடும்ல" என்று தள்ளிப்போடக் கூடாது.

விளக்கு எரிந்ததும் முதலில் பார்க்க வேண்டியது 12 வோல்ட் சின்ன பேட்டரியை. அது பலவீனமானால் சம்பந்தமே இல்லாத எச்சரிக்கைகள் எல்லாம் வரும். என்னுடையதில் அது சரியாகவே இருந்தது. ஸ்கேனர் போட்டதில் வந்த பிழைக் குறியீடு பி0ஏ80 (P0A80), அதாவது பேக்கை மாற்று என்ற குறியீடு.

நான் போன முதல் ஒர்க்‌ஷாப்பில் குறியீட்டைப் பார்த்த கையோடு மொத்தமாக மாற்றச் சொன்னார்கள். முடிவு தப்பில்லை, ஆனால் எதையும் அளந்து பார்க்காமல் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. வண்டியில் செருகும் புளூடூத் அடாப்டர் ஒன்றும் போனில் ஒரு ஆப்பும் போதும், ஒவ்வொரு பிளாக்கின் வோல்டேஜையும் நாமே பார்க்கலாம். இரண்டு மாடியூல் சேர்ந்தது ஒரு பிளாக். பிரியஸில் 14 பிளாக். சும்மா நிற்கும்போது எல்லாம் ஒன்றுபோல நல்ல பிள்ளையாகத்தான் இருக்கும். ஆக்சிலரேட்டரை அழுத்தி லோடு கொடுக்கும்போது பார்க்க வேண்டும். என் வண்டியில் மற்ற பிளாக்குகள் சேர்ந்தே இறங்க, ஒன்று மட்டும் ஒரு வோல்ட்டுக்கு மேல் கூடுதலாக விழுந்தது. ஒரு செல் 1.2 வோல்ட் என்பதை நினைத்துப் பார்த்தால், உள்ளே ஒரு செல் கைவிட்டுவிட்டது என்று கிட்டத்தட்ட சொல்லிவிடலாம். ஓட்டிக்கொண்டே இதைப் பார்க்க வேண்டாம். பக்கத்து சீட்டில் ஒருவரை உட்காரவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

போனது ஒரே ஒரு மாடியூல் என்றால் அதை மட்டும் மாற்றினால் என்ன? எல்லோருக்கும் வருகிற ஆசை. எனக்கும் அதைச் செய்து தருவதாக ஒரு மெக்கானிக் முன்வந்தார். நான் வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. மீதி இருப்பவையும் அதே வயது, அதே சூட்டில் வெந்தவை. நடுவில் புதிதாக ஒன்றைச் செருகினால் அதன் கொள்ளளவு மற்றவற்றோடு ஒத்துப்போகாது. சில மாதங்களில் அடுத்தது போகும், அப்புறம் இன்னொன்று. ஒவ்வொரு முறையும் பின் சீட்டைக் கழற்றி, பேக்கை இறக்கி ஏற்ற வேண்டும். சீக்கிரம் விற்கப்போகிற வண்டி என்றால்கூட, வாங்குபவரிடம் சொல்லாமல் இப்படி ஒட்டுப்போட்டு விற்பது நியாயமில்லை என்பது என் கருத்து. ரீகண்டிஷன் செய்தது என்று விற்கப்படும் பேக்கும் பெரும்பாலும் பழைய வண்டிகளிலிருந்து எடுத்த மாடியூல்களைச் சேர்த்துக் கட்டியதுதான். ஒவ்வொன்றையும் சார்ஜ் ஏற்றி இறக்கிக் கொள்ளளவு அளந்து, ஒத்தவற்றை மட்டும் சேர்த்திருந்தால் கொஞ்ச காலம் ஓடும். அந்த அளவுகளை எழுத்தில் தருவார்களா என்று கேளுங்கள். தயங்கினால் விட்டுவிடுங்கள்.

என் வண்டியின் எஞ்சின், பாடி இரண்டும் நன்றாக இருந்ததால் புது செல்கள் கொண்ட முழுப் பேக்கையே போட்டேன். கழற்றும்போது கூட நின்று பார்த்தேன். மாடியூல்களை இணைக்கும் செம்புப் பட்டைகளில் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது. ஃபேனைத் திறந்தால் அதன் இறக்கைகளில் தூசி கம்பளி மாதிரி அப்பிக்கிடந்தது. பேட்டரியைக் குளிரவைக்கும் காற்று வண்டியின் உள்ளிருந்துதான் போகிறது. சீட்டுத் துணியின் நார், தலைமுடி, நாய் பூனை ரோமம் எல்லாம் அங்கே போய்ச் சேரும். பேக்கின் நடுவில் இருக்கும் மாடியூல்களுக்குத்தான் சூடு அதிகம். என் பேக்கிலும் போனது நடுவில் இருந்த ஒன்று. ஃபேனைச் சுத்தம் செய்யாமல் புது பேக்கை மட்டும் போட்டுவிட்டுப் போகிற ஆளிடம் வேலை கொடுக்காதீர்கள்.

வீட்டிலேயே செய்யலாம் என்று நினைப்பவர்களுக்கு: ஆரஞ்சு நிறக் கேபிள் என்றால் உயிர் போகும் மின்சாரம். பேக்கின் மின் இணைப்பைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கைப் பிடுங்கினாலும், இன்வெர்ட்டரில் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும் கெப்பாசிட்டர்கள் காலியாகக் குறைந்தது 10 நிமிடம் விட வேண்டும். பேக்குக்கு உள்ளே மின்சாரம் அதற்கப்புறமும் அப்படியேதான் இருக்கும். 1000 வோல்ட் தாங்கும் ரப்பர் கையுறையும், இந்த வேலை தெரிந்த ஆளும் இல்லாமல் மூடியைத் திறக்கவே கூடாது.

மாற்றியபின் கட்டங்கள் நிதானமாக ஏறி இறங்குகின்றன. சிக்னலில் எஞ்சின் அணைகிறது. ஃபேன் இருப்பதே தெரியவில்லை. மைலேஜ் பெருமளவு திரும்பியது, ஆனால் புது வண்டியின் மைலேஜ் வராது. டயர், எஞ்சின், சஸ்பென்ஷன் எல்லாவற்றுக்கும் வயதாகிவிட்டது.

இப்போது கோடை தொடங்கும் முன் ஃபேனைத் திறந்து தூசி தட்டுகிறேன். பின் சீட்டுப் பக்கத்துக் காற்றுத் துவாரத்தைப் பையோ துணியோ மூடாமல் பார்த்துக்கொள்கிறேன். நெரிசலில் நீண்ட நேரம் நின்றால் நியூட்ரலில் போடுவதில்லை, ஏனென்றால் நியூட்ரலில் பேக் சார்ஜ் ஆகாது, ஏசி மட்டும் அதை உறிஞ்சிக்கொண்டிருக்கும். வெளியூர் போய் வண்டியை வாரக்கணக்கில் நிறுத்தவேண்டி வந்தால், நடுவில் ஒருமுறை யாரையாவது எடுத்து ஓட்டச் சொல்லிவிட்டுப் போகிறேன். பழைய பேக்கை மாற்றிய இடத்திலேயே கொடுத்துவிட்டேன்; அதில் இருக்கும் நிக்கலை மறுசுழற்சிக்கு எடுத்துக்கொள்கிறார்கள், விலையிலும் ஒரு பகுதி கழிந்தது.